பொட்டாசியம் அதிகம்

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. பாதி படித்துவிட்டு ஏமாற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்த விருந்தில், அவருடைய ஆபீஸ்காரர்கள் எல்லாம் தட்டோடு நின்றுகொண்டிருந்த உங்கள் வீட்டுக் கூடத்தில், என் ஜூஸ் கடைப் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தேன். நானே பிழிந்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒருவர், "ஆர்கானிக்னா சத்து ஜாஸ்தியாமே?" என்று கேட்டார். கேட்டது என்னிடம். பதில் சொன்னது நீங்கள்.

"அது ஆர்கானிக்னு கேரட்டுக்குத் தெரியுமா?"

கூடமே சிரித்தது. அண்ணன் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு பாட்டிலைத் தொடவில்லை. கொண்டுவந்ததை அப்படியே சுமந்து திரும்பினேன்.

அன்றிலிருந்து உங்கள் போனை எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை. போனில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள், நான் பத்து வார்த்தை கத்துவேன், கடைசியில் நான்தான் வாயாடி ஆவேன். எழுத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது.

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில். கடையும் அப்பாவும் என் தலையில். அதைச் சுமை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கடையை நாலு பேர் நடுவில் ஒரு வாக்கியத்தில் காலி செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? காய்கறியில் சத்து அளப்பதற்குத்தானே பல்கலைக்கழகத்தில் உங்களுக்குச் சம்பளம்? வாயால் அளந்தது போதும். கருவியில் அளந்து காட்டுங்கள். மூன்று பாட்டில் பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

சின்னவள்


பிப்ரவரி 18

சின்னவளுக்கு,

பாட்டில்கள் வந்தன. ஒன்று வழியிலேயே பொங்கி மூடி தெறித்து, பார்சல் ஆபீஸ் மேசை முழுக்க பீட்ரூட். அங்கிருந்தவர் என்னைக் கொலை வழக்கில் தேடப்படுகிறவளைப் போலப் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். மற்ற இரண்டையும் நான் அளக்கவில்லை, அளக்கவும் மாட்டேன். பிழிந்து வெயிலில் பயணம் செய்த சாற்றை அளந்தால் பஸ்ஸின் சூடுதான் தெரியும், தோட்டம் தெரியாது.

தவிர, எதோடு ஒப்பிடுவது? "சத்து அதிகம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைவிட என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். இருபது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அன்று கூடத்தில் வாயிலிருந்து வந்தது அந்த அலுப்பு. சொன்னதைத் திரும்பப் பெறப் போவதில்லை. கேரட்டுக்குத் தெரியாது என்பது உண்மை. உன் கையில் பாட்டில் இருந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவ்வளவுதான் ஒத்துக்கொள்வேன்.

உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமானால் சாறு அனுப்பாதே, காய் அனுப்பு. இயற்கை முறையில் விளைந்தது ஒரு பெட்டி, ரசாயன உரம் போட்டது ஒரு பெட்டி. இரண்டும் ஒரே விதை ரகம், பக்கத்துப் பக்கத்து மண், ஒரே நாள் பறித்தது. இங்கே நானே பிழிகிறேன். முடிவு எப்படி வந்தாலும் அப்படியே எழுதித் தருகிறேன். உனக்காக ஒரு புள்ளி ஏற்றவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

மாமா எப்படி இருக்கிறார்? அவர் போனை எப்போது கூப்பிட்டாலும் அணைத்தே இருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணிக்கு,

ஒரே ரகம், ஒரே மண், ஒரே நாள். வரன் தேடுகிறவர்கள்கூட இத்தனை பொருத்தம் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் தேடிப் பிடித்துவிட்டேன். என் தோட்டக்காரரின் வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதே விதையை அதே வாரம் போட்டவர். மூட்டை மூட்டையாக உரம் போடுவார். மருந்து அடிக்கும் நாளில் இந்தப் பக்கம் நிற்க முடியாது. பச்சைக் கயிறு கட்டிய பெட்டி என்னுடையது. சிவப்புக் கயிறு அவருடையது. மாற்றிவிடாதீர்கள், மாறிப் போய் நீங்கள் ஜெயித்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

இன்னொன்று. என் கடையில் தோல் சீவுவதில்லை. நார் வைத்துத் தேய்த்துக் கழுவி அப்படியே பிழிவோம். விஷம் படாத கேரட்டுக்கு எதற்குத் தோல் சீவ வேண்டும்? மற்றதை ஊரே சீவித்தான் பிழிகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: என்னுடையது தோலோடு, அது தோல் இல்லாமல்.

அப்பா போனை அணைத்து வைப்பது பேட்டரியைச் சேமிக்கவாம். "கூப்பிடுறவங்க அவசரம்னா நேர்ல வருவாங்க" என்கிறார். ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவருக்கு எல்லோரும் நேரில் வந்தேதான் பழக்கம். தினமும் காலையில் ஒரு கிளாஸ் கேரட், பீட்ரூட் குடிக்கிறார். "இது உள்ள போனா இன்ஜின் சத்தமே மாறுது" என்கிறார். காலில்தான் சாயங்காலமானால் கொஞ்சம் வீக்கம். வயசுக்கு அது கூட இல்லாமலா?

அண்ணனிடம் சொல்லுங்கள்: அவர் சிரித்ததையும் நான் மறக்கவில்லை.

சின்னவள்


மார்ச் 9

சின்னவளுக்கு,

அளந்தாகிவிட்டது. எழுதித் தருவதாகச் சொன்னபடி துறையின் தாளிலேயே, முத்திரையோடு, அட்டவணை இணைத்திருக்கிறேன். அதில் இருப்பதை இங்கே சாதாரணமாகச் சொல்கிறேன்.

நீ மலைபோல நம்பிய வைட்டமின் சி இரண்டு பெட்டியிலும் ஒன்றுதான். நைட்ரேட் உன்னுடையதில் குறைவு; அது நல்ல செய்தி. உடலின் தேய்மானத்தைத் தடுப்பதாகச் சொல்லப்படும் பொருள்கள் உன் சாற்றில் ஒரேயடியாக அதிகம் என்று வந்தது. எனக்குச் சந்தேகம். சிவப்புக் கயிற்றுக் கேரட்டையும் தோலோடு பிழிந்து பார்த்தேன். வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அந்தப் பெருமை தோலுக்குப் போக வேண்டியது, தோட்டத்துக்கு இல்லை. தோலோடு ஒன்றையும் தோலில்லாமல் ஒன்றையும் வைத்து ஒப்பிடச் சொன்னாயே, அது ஒருவனை நாற்காலியில் ஏற்றி நிறுத்தி உயரம் அளக்கிற வேலை.

கடைசியாகப் பொட்டாசியம். சாற்றை நீர்க்கவைத்துக் கருவியின் சுடரில் செலுத்தினால், பொட்டாசியம் இருக்கும் அளவுக்குச் சுடர் ஊதா காட்டும். தோலோடும் தோல் இல்லாமலும், கேரட்டும் பீட்ரூட்டும், எல்லா விதமாகவும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உன்னுடையதே அதிகம். அதுவும் கணிசமாக. உன் தோட்டக்காரர் விறகுச் சாம்பல் போடுகிறாரா? சாம்பலில் பொட்டாசியம் ஏராளம். அப்படியானால் இது இயற்கையா ரசாயனமா என்ற கேள்வியே இல்லை, சாம்பல் உண்டா இல்லையா என்ற கேள்வி. ஒரு தோட்டத்தை வைத்து உலகத்துத் தோட்டங்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது.

ஆனாலும் நேர்மைக்காகச் சொல்கிறேன். இந்த ஒரு கட்டத்தில் நீ ஜெயித்திருக்கிறாய்.

மாமாவின் கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டினாயா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அண்ணி


மார்ச் 16

அண்ணிக்கு,

"நீ ஜெயித்திருக்கிறாய்." உங்கள் கையெழுத்தில்! இந்த வீட்டில் இதைப் பார்க்க எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் தெரியுமா? அண்ணன் கல்யாணமான நாளிலிருந்து கிடக்கிறார்.

கடை வாசலில் புதுப் பலகை வைத்தாகிவிட்டது. வெள்ளைப் பலகை, பச்சை எழுத்து: "பல்கலைக்கழக ஆய்வில் நிரூபணம்! மற்ற சாற்றைவிடப் பொட்டாசியம் அதிகம்!" கீழே உங்கள் துறையின் பெயர். படம் எடுத்து உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பொட்டாசியம் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. அதிகம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். காலையில் ஷட்டர் தூக்கும்போதே ஆள் நிற்கிறது.

தோல், சாம்பல், நாற்காலி என்று நீங்கள் இழுத்ததையெல்லாம் எழுதப் பலகையில் இடமில்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் கூடவே நாலு ஊசி குத்தாமல் உங்களுக்குச் சோறு இறங்காதா? சாம்பல் போட்டாலும் அது என் தோட்டத்துச் சாம்பல்தானே?

அப்பாவை டாக்டரிடம் போன வருடமே காட்டியாகிவிட்டது. கிட்னி கொஞ்சம் வீக் என்றார். "பழச்சாறு குடிக்காதீங்க" என்றார். அன்றோடு ஆரஞ்சு நின்றது, வாழைப்பழம் நின்றது, இளநீர்கூட நின்றது. பழம் பக்கமே நாங்கள் போவதில்லை. அப்பாவே கேட்டார்: "பழம் வேண்டாம்னாரு. கேரட் என்ன பழமா? பீட்ரூட் பழமா?" நியாயம்தானே? மருந்து, உரம் எதுவும் படாதது. கிட்னிக்கு அதில் என்ன பாரம்? உங்களிடம் சொன்னால் பத்து கேள்வி கேட்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

உங்கள் அட்டவணையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப எனக்கு ஒரு டிரிப் எக்ஸ்ட்ரா விடு" என்றார். காலையில் ஒரு கிளாஸ், மாலையில் ஒரு கிளாஸ் ஆக்கிவிட்டேன். இத்தனை சத்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவருக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

சின்னவள்


மார்ச் 18

சின்னவளுக்கு,

இதை உன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் இந்த வரிகளைப் படி. மாமாவுக்கு அந்தச் சாற்றில் இனி ஒரு வாய்கூடக் கொடுக்காதே. இப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். மீதியை அங்கே உட்கார்ந்து படித்துக்கொள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து நானும் உன் அண்ணனும் மாறி மாறிக் கூப்பிடுகிறோம். நீ எடுக்கவில்லை. கடை எண்ணுக்குக் கூப்பிட்டால், "அக்கா உங்க நம்பரை எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று எடுத்துச் சொல்லிவிட்டு வைக்கிறார்கள். மாமாவின் போன் பேட்டரியைச் சேமித்துக்கொண்டிருக்கிறது. நான் வந்தால் நீ கதவு திறக்க மாட்டாய், வாசலிலேயே வழக்கு நடத்துவாய். அதற்கு நேரமில்லை என்பதால் உன் அண்ணன் வருகிறார்.

நன்றாக இருக்கும் சிறுநீரகம் மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். நலிந்த சிறுநீரகத்தால் அது முடியாது. அது ரத்தத்தில் தங்கும். ஏறிக்கொண்டே போனால் கை கால் சோரும், பிறகு இதயத் துடிப்பு தடுமாறும். நின்றும் போகலாம். டாக்டர் பழச்சாறு வேண்டாம் என்றது இதற்காகத்தான். பழத்தின் மேல் அவருக்குக் கோபமில்லை. இந்தப் பொட்டாசியம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, மருந்து அடித்ததா அடிக்காததா என்று சிறுநீரகம் விசாரிக்காது. உன் சாறு மற்றதைவிட மோசம், ஏனென்றால் அதில் சத்து அதிகம். புரிகிறதா? அதிகம் என்பதுதான் இங்கே ஆபத்து.

ஒரு வருடம்! ஒரு வருடமாக என் மாமனாருக்குச் சிறுநீரகம் நலிந்திருக்கிறது. சத்து அளப்பதே பிழைப்பாகக் கொண்ட மருமகள் அதை ஒரு விளம்பரப் பலகைக் கதையின் அடிக்குறிப்பாகத் தெரிந்துகொள்கிறாள். பத்து கேள்வி கேட்பேன் என்று பயந்தாயாம். கேட்டிருப்பேன். முதல் கேள்வியிலேயே இது நின்றிருக்கும்.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதுகிறேன், நீங்கள் எழுதிய மாதிரியே.

அண்ணன் வந்தபோது அப்பா நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான். சோம்பல் என்று நினைத்து, "எழுந்து நாலு எட்டு நடங்கப்பா" என்று நான் அதட்டியிருந்தேன். மாலைக் கிளாஸ் பிழிந்து, மூடி போட்டு, தயாராக மேசையில் இருந்தது. அண்ணன் உங்கள் கடிதத்தை என்னிடம் தருவதற்கு முன் அந்தக் கிளாஸை எடுத்துத் தொட்டியில் கொட்டினார். நான் அவரை அடிக்கவே போனேன்.

இங்கே டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிடறார்?" பெருமையாகச் சொன்னேன், "ஆர்கானிக் கேரட் பீட்ரூட் ஜூஸ் டாக்டர், ரெண்டு வேளை, தோலோட." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை அண்ணி, உங்கள் கூடத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் மறுபடி சிரித்திருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது. அப்பாவின் இதயம் விட்டு விட்டு அடித்தது. ஊசி போட்டு, மருந்து ஏற்றி, பொட்டாசியத்தை மெல்ல இறக்கினார்கள். இன்று கண் திறந்து, "டிக்கெட் எடுத்து ஏறி உக்காந்துட்டேன். என் ஸ்டேஜுக்கு வண்டி போகாதுன்னு இறக்கி விட்டுட்டாங்க" என்றார். நர்ஸ் சிரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

தப்பு என்னுடையது. யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் உங்கள் முத்திரைத் தாளையும் கூட வந்த கடிதத்தையும் பையிலேயே வைத்திருக்கிறேன், இப்போது மறுபடி படித்தேன். இரண்டில் எதிலாவது, ஒரு மூலையிலாவது, "இது யாருக்கு ஆகாது" என்று இருக்கிறதா? தோலைப் பற்றி ஒரு பத்தி. சாம்பலைப் பற்றி ஒரு பத்தி. நாற்காலி உவமைக்கு இடம் இருந்தது. "கிட்னி சரியில்லாதவர்கள் தொடக் கூடாது" என்று எழுத இடம் இல்லையா? காலில் வீக்கம் என்று நான் எழுதிய பிறகும்? "ஜெயித்திருக்கிறாய்" என்று எழுதினீர்கள் அண்ணி. ஜெயித்தவள் என்ன செய்வாள்? இன்னொரு கிளாஸ் ஊற்றத்தான் செய்வாள்.

நீங்கள் அளந்தீர்கள். நான் ஊற்றினேன். அவரைப் பார்த்தது யார்?

சின்னவள்


மார்ச் 29

சின்னவளுக்கு,

நீ கேட்டதை மேசையில் வைத்துக்கொண்டு பல நாள் பார்த்தேன். எங்கள் அட்டவணையில் குடிப்பவருக்குக் கட்டம் கிடையாது. கிடையாது என்பதை நான் கவனித்ததும் கிடையாது. ஆய்வாளர்களுக்கு எழுதி எழுதி, எல்லோருக்கும் அப்படியே எழுதுகிறேன் போலிருக்கிறது. வீக்கத்தைப் படித்ததும் கேள்வி கேட்டேன். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே கிளம்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் நீ கதவு திறக்க மாட்டாய் என்று எனக்கும் ஒரு ரோஷம்.

இதை எழுதியதால் உன் மேல் கோபம் போய்விட்டது என்று எண்ணாதே. ஒரு வருடம் மறைத்தாய். அது போகாது.

உன் அண்ணன் திரும்பி வந்து மாமாவைப் பற்றிச் சொன்னார். பிறகு கடை வாசலில் பலகை இன்னும் இருக்கிறது என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக ஓடியதில் மறந்திருப்பாய். நான் மறக்க முடியாது, அதில் என் துறையின் பெயர் இருக்கிறது. உன் வாசலில் வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு மாமாவைப் போல இருக்கும்? அவர்கள் வீட்டிலும் யாராவது, "கேரட் பழமா?" என்று கேட்டிருப்பார்கள்.

பலகையை எடுக்காதே. பெயரையும் அழிக்காதே. "பொட்டாசியம் அதிகம்" என்பது உண்மை, இருக்கட்டும். அதன் கீழே, அதே அளவு எழுத்தில், அதே பச்சையில் எழுது: "சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைக் குடிக்கக் கூடாது." ஓரத்தில் பொடியாக எழுதினால் நானே வந்து அழிப்பேன்.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். அதே அளவு, அதே பச்சை. பெயின்டர், "ஏம்மா, உங்க கடைக்கு நீங்களே பூட்டுப் போடறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. வருகிறவர்கள் மேல் வரியைப் படித்துச் சிரிக்கிறார்கள், கீழ் வரியைப் படித்து நகர்கிறார்கள். கிட்னியில் ஒரு குறையும் இல்லாத ஆள்கள்! "எதுக்கு வம்பு" என்று எதிர்க்கடையில் சோடா குடிக்கிறார்கள். சோடா! ஜிம்முக்குப் போய்வரும் தடியன் ஒருவன், "அக்கா, இது ஜூஸ் கடையா, மருந்துக் கடையா?" என்கிறான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கேரட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று தையல்கடை அம்மா வந்தார். திறந்த நாளிலிருந்து தினமும் ஒரு பாட்டில் வாங்கிப் போகிறவர். காசைக் கையில் வைத்துக்கொண்டே பலகையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பாட்டிலைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் நடக்குது. அவருக்குத்தான் வாங்கிட்டுப் போறேன். தெம்பா இருக்கட்டும்னு." அப்புறம் சத்தமே இல்லாமல் கேட்டார்: "ஏம்மா, இதை முன்னாடியே எழுதல?"

நான் உங்களிடம் கேட்ட அதே கேள்வி, அண்ணி. அவர் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறாராம். போன வாரம்தான் டாக்டர், "பொட்டாசியம் ஏன் இப்படி ஏறுது?" என்று திட்டினாராம். அவர்கள் வீட்டிலும் பழத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர்கூட அளந்துதான். கடைப் பக்கம் விடக் கூடாது என்று பார்க்கிறேன், கேட்டால்தானே.

சின்னவள்


ஏப்ரல் 17

சின்னவளுக்கு,

இன்று எங்கள் துறைத் தலைவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். போன மாதம் நீ அனுப்பிய பலகைப் படத்தை, என்னைக் கேட்காமலே பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் துறை வாசலில் மாட்டியவர் இவர்தான். "நம்ம ஆராய்ச்சி தெருவுக்கே போயிடுச்சு பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். நானே வெட்கப்பட்டு வேறு வழியில் உள்ளே போனேன்.

இன்று அவர் மேசையில் புதுப் பலகையின் படம். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "என்னம்மா இது? நம்ம பேரைப் போட்டுக் குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பிராண்டட் ஜூஸ் கம்பெனிக்காரங்க நமக்கு நிதி குடுக்கறாங்க. அவங்க என்ன நினைப்பாங்க? கீழ் வரியை எடுக்கச் சொல்லுங்க. இல்ல, நம்ம பேரை எடுக்கச் சொல்லுங்க."

நான் கேட்டேன்: "சார், மேல் வரியும் கீழ் வரியும் ஒரே அளவீடு. மேல் வரி மட்டும் இருந்தப்ப சட்டம் போட்டீங்களே?"

"அது வேற, இது வேற" என்றார்.

எது வேறு? சுடர் ஒன்று. ஊதா ஒன்று. விற்க உதவினால் ஆராய்ச்சி, ஒரு மனுஷனைக் காப்பாற்றினால் வம்பா? இத்தனை வருட வேலையில் நான் குரல் உயர்த்தியதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இன்று பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்துவிட்டேன். இனி எங்கள் துறையிலிருந்து போகும் எல்லா அட்டவணையிலும் "யாருக்கு ஆகாது" என்று ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஏற்க மாட்டார்கள். என்னுடையதில் நான் போடுவேன்.

உன் கடைக்கு யாராவது வந்து, நான் சொன்னதாகச் சொல்லிப் பலகையை மாற்றச் சொன்னால் நம்பாதே. நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தையல்கடை அம்மாவின் கணவர் எப்படி இருக்கிறார்? நான் அந்த வீட்டுக்கு ஒருமுறை வர வேண்டும்.

அண்ணி


ஏப்ரல் 26

அண்ணிக்கு,

தையல்கடை அம்மாவின் வீட்டுக்காரர் தேவலை. நீங்கள் வாருங்கள், சேர்ந்து போவோம். தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை.

நீங்கள் எழுதிய மாதிரியே ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பைல். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா இப்போது கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். யார் வந்தாலும் படியேறும் முன்பே கை நீட்டுகிறார், டிக்கெட் கேட்பதைப் போல: "கிட்னி எப்படி இருக்கு? செக் பண்ணியாச்சா? எப்பப் பண்ணீங்க?" பாதி வியாபாரம் பலகையால் போயிற்று. மீதியை இவர் விரட்டுகிறார். சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "ஓவர்லோடு ஏத்தி இந்த வண்டி ஒரு தடவை குடை சாஞ்சது போதும்" என்கிறார்.

பைல்காரரையும் நிறுத்தினார். "நான் ஜூஸ் குடிக்க வரல பெரியவரே, பல்கலைக்கழகத்திலேர்ந்து வரேன்" என்றார் அவர். "எங்கேர்ந்து வந்தா என்ன, கிட்னி எப்படி?" என்றார் அப்பா. வந்தவர் என்னிடம் திரும்பி, பலகையில் கீழ் வரியை எடுத்துவிடச் சொன்னார். "உங்க அண்ணிக்கும் சம்மதம்தான்" என்றார்.

"எங்க அண்ணி சம்மதம்னு சொல்ற வழக்கமே கிடையாதுங்க. நீங்க வேற யாரையோ பார்த்துட்டு வந்திருக்கீங்க. இது அவங்க எழுதச் சொன்னது. ஒரு எழுத்து மாறாது" என்றேன். தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னேன், எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. எதிர்க்கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பைலை மூடிக்கொண்டு படி இறங்கினார். அப்பா ஸ்டூலை நகர்த்தி, "இறங்கறவங்களுக்கு வழி விடுங்க" என்றார். வாசலில் அப்போது வேறு ஆளே இல்லை.

இதை வைத்து நான் உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அன்றைக்குக் கூடத்தில் சிரித்தவர்கள் ஒருவரிடமும் நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கேரட்டுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும்.

கழற்றிக்கொண்டு வந்த சட்டத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? நல்ல கண்ணாடி என்றால் எடுத்து வாருங்கள், கீழ் வரியோடு படம் எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.

போன் பண்ணுங்கள், எடுப்பேன். முதல் பத்து வார்த்தை என்னுடையது.

சின்னவள்